முப்பது கட்டிலுக்கும் ஆள் வேண்டும்

உலக மருத்துவ சரித்திரத்தை எழுத உட்காரும் பெரியவர்கள், பேனாவை ஒரு நிமிஷம் உயர்த்திப் பிடிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கிரேக்க தேசத்து வைத்தியர்களுக்கும் இங்கிலாந்து தேசத்து விளக்கேந்திய சீமாட்டிக்கும் நடுவே ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவைக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு உரிமை கோரும் ஊர், செங்கல்பட்டு ஜில்லாவின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி ஏரிக்கரையோடு மூன்று மைல் நடந்தால் வரும் பெருங்கழனி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு, ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை, அங்கே நர்சிங் கவுன்சிலின் இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது.

பெருங்கழனியில் நர்சிங் பள்ளிக்கூடம் வந்த கதை சின்னது. துளசிராமனுக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. மில்லுக்கு ஒரு பழைய கிடங்கு இருந்தது. கும்மிடிப்பூண்டியில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வரப்போகிறது, இரும்பு உருக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், மற்ற பணக்காரர்கள் நிலம் வாங்கிப் போட்டார்கள். துளசிராமன் ஒரு படி மேலே யோசித்தார்.

“இரும்பு உருக்குனா இன்னா ஆவும்? கை கால சுட்டுக்குவான். சுட்டுக்கினா எங்க வருவான்? ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரின்னா நர்ஸ் வேணாமா நைனா?”

இப்படியாக, இன்னும் கட்டப்படாத தொழிற்சாலையில் இன்னும் வேலைக்குச் சேராத தொழிலாளியின் இன்னும் சுட்டுக்கொள்ளாத கைக்கு மருந்து போட, கிடங்கில் முப்பது கட்டில் போட்டு ஆஸ்பத்திரியும் அதை ஒட்டி நர்சிங் பள்ளியும் திறக்கப்பட்டன. போர்டு, கட்டடத்தைவிட ஒரு முழம் அகலம். துளசிராமன் அன்று முதல் ‘கரஸ்பாண்டென்ட்’ ஆனார். மில்லில் உமி தூற்றுகிறவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. மாணவிகள் வெள்ளை உடுப்பில் வெளியே வந்தால் டெட்டால் வாசனையும் தவிட்டு வாசனையும் சேர்ந்து வரும். வாரத்துக்கு இரண்டு நாள் திருவள்ளூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து, பிரின்சிபால் அறையில் காபி குடித்துவிட்டுப் போவார்.

ஒரே ஒரு குறை. நோயாளி இல்லை.

ஊரில் நோய் இல்லாமலில்லை. முதல் பிரசவத்துக்குப் பெண்கள் தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மற்றதற்கு வீட்டிலேயே கைமருந்து. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு. இதில் எதற்கும் அடங்காதவர்கள் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வருவார்கள், அல்லது வர மாட்டார்கள். பெருங்கழனி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தேள் கொட்டியவர்களும், மழைக்கு ஒதுங்கியவர்களும்தான்.

பள்ளிக்கு அங்கீகாரம் கிடைக்காவிட்டால் முதல் பேட்ச் பெண்கள் யாரும் பரீட்சை எழுத முடியாது. அந்த பேட்சில் உள்ளூர்ப் பெண் ஒருத்திதான். பெயர் குணசுந்தரி. ஏரிக்குக் கீழே இரண்டு காணி நஞ்சை வைத்திருந்த ஆதிநாராயணனுக்கும் பூவம்மாளுக்கும் ஒரே மகள். பூவம்மாள் அவளை ஏற்கெனவே நர்சாக்கிவிட்டிருந்தாள். “எங்கூட்டு நர்சு இன்னும் எழுந்திரிக்கல,” “எங்கூட்டு நர்சுக்குக் கத்திரிக்கா ஆவாது” என்றுதான் தெருவில் பேச்சு.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம், கழனியில் நடவு. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, வானம் கழுவின தட்டு மாதிரி இருந்தது. சேற்றில் முழங்கால் புதைய பூவம்மாளோடு எட்டுப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டு வந்தார்கள். வரப்பில் ஆதிநாராயணன் நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார். அப்போது கவரைப்பேட்டையிலிருந்து பூவம்மாளின் அண்ணன் முனுசாமி, குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். மழை இல்லாதபோதும் குடையை விரித்துப் பிடிப்பது அவருடைய அந்தஸ்து.

“பூவு, மேல வா. பேசணும்.”

“பேசு அண்ணே. வாய் உங்குது, காது எங்குது. கை எதுக்கு நிக்கணும்?”

“எம்புள்ள வீரராகவனுக்கு வயசு ஆயிக்கினே போவுது. நீயும் கோர்சு, கோர்சுன்னு ரெண்டு வருசமா இஸ்துக்கினு கீற. அந்தக் கெடங்க கவுர்மெண்டு ஒத்துக்குமா ஒத்துக்காதான்னே யாருக்கும் தெரீல.”

“கவுர்மெண்டு இல்ல, கவுன்சிலு,” என்றாள் பூவம்மாள், நிமிராமல்.

“எந்த எழவோ. தவுடு கொட்டுற எடத்துல படிச்சிட்டு நர்சாம்!”

பூவம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து மூச்சை வாங்கினாள். மடியிலிருந்து ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கொஞ்ச நாளாக அவளுக்கு அது ஒரு பழக்கம்.

“தபாரு அண்ணே. வர்ற வாரம் கவுன்சில்லருந்து ஆளு வர்றாங்க. ஸ்கூல ஒத்துக்கினாங்கன்னா எம்பொண்ணு நர்சு. உம்புள்ளைக்கு வேற எடம் பாரு. ஒத்துக்கலன்னா தை மாசத்துல தாலி. போதுமா?”

“எம்மே!” என்றார் ஆதிநாராயணன் வரப்பிலிருந்து. “பொண்ண ஒரு வார்த்த கேக்க வேணாமா?”

“நீ நாத்து வீசுய்யா. கேட்டா வேணான்னுதான் சொல்லும். அதுக்குத்தான் கேக்கல.”

முனுசாமி குடையை மடக்கினார். அவர் குடையை மடக்கினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். வரப்பில் உட்கார்ந்து எல்லோரும் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் சாப்பிட்டார்கள். முனுசாமி இரண்டு சொம்பு கூழ் குடித்தார். பூவம்மாள் அரைச் சொம்போடு நிறுத்திக்கொண்டாள்.

சேதி சாயங்காலம் குணசுந்தரிக்குப் போனது. அவள் கத்தவில்லை, அழவில்லை. “ஏம்மா, அவங்க கட்டிலுக்குக் கட்டில் வந்து பாப்பாங்கம்மா. முப்பதும் காலியா கீது” என்று மட்டும் சொன்னாள்.

கட்டில் காலியாக இருக்கும் விஷயம் கரஸ்பாண்டென்ட்டுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர் மில் களத்தில் ஊரைக் கூட்டினார். பிரின்சிபால் கோதைநாயகி ஓர் ஓரமாக நின்றாள். திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவது வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு தடவைதான். அவளுக்கு முதுகு எப்போதும் நேராக இருக்கும்.

“இதெல்லாம் நன்னால்லே சார்,” என்றாள் அவள். “ஆரோக்கியமா இருக்கறவாளைப் படுக்க வெச்சா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவா. வரப்போறது சாராள் சிஸ்டர். முப்பது வருஷம் வார்டுல நின்னவா.”

“நீங்க சும்மா இரும்மா. இது ஊரு மானம்,” என்ற துளசிராமன் கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். “தாய்மார்களே, பெரியவங்களே! வியாழக்கெழம ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீங்க எல்லாம் நோயாளிங்க. அப்பாவு நைனா, ஒனக்கு டைபாய்டு. பூவம்மா, ஒனக்கு மஞ்சக்காமால. நீ, அங்க பல்லு குத்திக்கினு கீறியே, ஒனக்குக் குடல் வீக்கம்...”

அவர் கல்யாணப் பந்தியில் லட்டு வைப்பதுபோல நோய்களை வைத்துக்கொண்டே போனார். கூட்டத்தில் சலசலப்பு. அப்பாவு எழுந்தார். எழுபது வயது, ஏரி மதகு திறக்கிற ஆள், வாயில் எப்போதும் வெற்றிலை.

“படுக்கச் சொல்றியா, படுக்கறோம். ஊருக்காவப் படுக்கறதுல இன்னா கஷ்டம். ஆனா இல்லாத நோவ வாயால சொல்ல மாட்டம்பா.”

“ஏன்?”

“சொன்னா வந்து ஒட்டிக்கும். எங்க சின்னாயி, எதுத்த ஊட்டுக்காரிக்குப் பயந்துகினு காய்ச்சல்னு பொய் சொல்லிப் படுத்தா. மூணா நாளு காரியம்.”

“ஆமாம்பா!” என்று களம் முழுக்க ஒரே குரல். இந்த விஷயத்தில் பெருங்கழனியில் கட்சி வேறுபாடு கிடையாது. நோயின் பெயர் கூப்பிட்டால் வரும். யாருடையதென்று பார்க்காது.

கடைசியில் ராஜி ஆனது. யாரும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். பெயர் சொல்வது கரஸ்பாண்டென்ட் பொறுப்பு, ஒட்டிக்கொண்டால் அவருக்கே ஒட்டிக்கொள்ளட்டும். மற்றவர்கள் முனகினால் போதும்.

வியாழக்கிழமை விடியும் முன்பே தூறல். ஸ்டேஷனுக்கு வில்வண்டி போயிருந்தது. வார்டுக்கு வந்த நோயாளிகளைப் பார்த்துக் கோதைநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், ஊர் மானம், சும்மா வருவார்களா? பெண்கள் கூரைப்புடவை உடுத்தி, தலை நிறையக் கதம்பம் வைத்து, நெற்றியில் காசளவு குங்குமத்தோடு வந்து கட்டிலில் காலை நீட்டினார்கள். அப்பாவு, பேரன் கல்யாணத்துக்கு எடுத்த ஜரிகை வேட்டி. ஒருத்தி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சர்க்கரை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் படுத்தாள். சம்பந்தி வீட்டார் வரும்போது செய்கிற மரியாதை கவுன்சிலுக்குக் குறைந்துவிடக் கூடாது.

சாராள் சிஸ்டர் ஒல்லியான, கண்ணாடி போட்ட, வெள்ளைப் புடவை அம்மாள். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள் தாம்பாளத்தைத் தாண்டி, வார்டைப் பார்த்து அப்படியே நின்றாள். முப்பது கட்டிலும் பளபளத்தது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் முனகினார்கள்.

“இவங்க எல்லாம் எப்ப அட்மிட் ஆனாங்க?”

துளசிராமன் வாயைத் திறப்பதற்குள் முதல் கட்டில்காரி பெருமையாகச் சொன்னாள்: “கோழி கூவசொல்லவே வந்துட்டம் தாயி. நாஷ்டாகூட துன்னல.”

சாராள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அந்தத் துடைப்பில் பள்ளிக்கூடமே துடைபட்டுப் போனதாகக் கோதைநாயகிக்குத் தோன்றியது. சாராள் அப்பாவுவின் கட்டிலுக்கு வந்தாள்.

“இவருக்கு என்ன?”

“டைபாய்டுங்க மேடம்,” என்றார் துளசிராமன். “ரொம்பக் கொடூரமான டைபாய்டு.”

அப்பாவு விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “த்தூ, த்தூ! எம்மேல சாத்தாத நைனா. தாயி, டைபாய்டு எங்க வம்சத்துலயே கெடியாது. எனக்கு இருமலு. ரெண்டு வருசமா கீது. மதகாண்ட பனில நிக்கறனா, அதுலேர்ந்து. காலங்காத்தால செவப்பா வரும். நான் வெத்தலன்னு உட்டுட்டேன்.”

“வெத்தல போடறதுக்கு முன்னாடியும் சிவப்பா வருமா?”

அப்பாவு யோசித்தார். “வரும்.”

சாராள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் துளசிராமனை எதுவுமே கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து, படுத்திருந்தவர்களையே கேட்டாள். பொய் நோய் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த ஊர், கேட்ட கேள்விக்கு மெய் நோயைச் சொல்லிவிட்டது. கூரைப்புடவையை விலக்கினால் யானைக்கால். கதம்பத்துக்குக் கீழே ஆறாத காது. எட்டுப் பிள்ளை பெற்றவள் பத்து வருஷமாகக் கருப்பை இறங்கி, துணி கட்டிக்கொண்டு நடவு நட்டுக்கொண்டிருந்தாள். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. நடவு காலத்தில் நோயைக் கவனிக்க நேரமில்லை, அறுப்பு காலத்திலும் இல்லை, நடுவில் களை எடுக்க வேண்டும்.

பதினேழாம் கட்டிலில் பூவம்மாள். அரக்குப் பட்டில் நிமிர்ந்து, மகாராணி படுத்த மாதிரி படுத்திருந்தாள்.

“உங்களுக்கு என்னம்மா?”

“எனக்கு ஒன்னியும் இல்ல,” என்றாள் பூவம்மாள். காமாலை என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு பொய்யும் தெரியவில்லை.

சாராள் மாணவிகளைத் திரும்பிப் பார்த்து விரலை நீட்டினாள். “நீ வா. இந்த பேஷன்ட்டைப் பாத்துட்டுச் சொல்லு.”

அந்த விரல் குணசுந்தரியை நோக்கி நீண்டிருந்தது.

வார்டு முனகலை நிறுத்தியது. இருபத்தொன்பது பேரும் முழங்கை ஊன்றி எழுந்து பார்த்தார்கள். குணசுந்தரி வந்து கட்டிலோரம் நின்றாள். பூவம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். தொப்பி கொஞ்சம் கோணலாக இருப்பதாகக் கண்ணாலேயே காட்டினாள். குணசுந்தரி தொப்பியைத் தொடவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்ப ஒரு தடவை எண்ணினாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நகங்களை வெளிச்சத்தில் திருப்பினாள், குழிந்து கிடந்தன. புடவையை உயர்த்திக் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் நின்றது. அந்தக் காலில் மருதாணி வைத்துவிட்டவள் அவள்தான். முந்தின வாரம்.

“சொல்லு.”

“பேஷன்ட்டுக்கு ரத்தம் இல்ல சிஸ்டர். கண்ணு, நாக்கு, நகம் எல்லாம் வெளுத்துக் கீது. பல்ஸ் ரொம்ப வேகம். கால்ல நீர் எறங்கியிருக்கு. நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்கும். பச்சரிசி துன்றாங்க.” குரல் அதுவரை புத்தகம் படிப்பதுபோல் வந்தது. “தெனம் துன்றாங்க. நான் பாத்துக்கினேதான் இருந்தேன் சிஸ்டர். வெறும் பழக்கம்னு உட்டுட்டேன்.”

“என்ன பண்ணணும்?”

“எழுந்திரிக்க உடக் கூடாது. இன்னிக்கே ரத்தம் டெஸ்ட்டு. ஹார்ட்டு தாங்குதான்னு டாக்டர் பாக்கணும். பட்டணத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம்.” அம்மாவின் புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள். “நடவுக்குப் போவக் கூடாது. நான் உட மாட்டேன்.”

“நீ விட மாட்டியா? நீ யாரு இந்த அம்மாவுக்கு?”

பூவம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “எம்பொண்ணும்மா அது! நான் பெத்தது! பாத்தீங்களா, எப்டி கடகடன்னு சொல்லிச்சி? எனக்கே தெரியாதத சொல்லிச்சி பாத்தீங்களா?” என்று கட்டில் கட்டிலாகத் திரும்பிச் சொன்னாள். “யக்கா, கேட்டியா? அப்பாவு மாமா, கேட்டீங்களா? எனக்கு ரத்தமே இல்லியாம்!”

சாராள் எழுந்து துளசிராமன் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்க என்னை ஏமாத்தறதுக்கு முப்பது பேரைப் படுக்க வெச்சீங்க. இதுல நாலு பேரு நல்லா இருக்காங்க. அவங்களை வீட்டுக்கு அனுப்புங்க. மத்த யாரும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்தப் பெரியவரைத் தனியா வராண்டாவுல போடுங்க. உங்க டாக்டரைக் காபி குடிக்க வேண்டாம், வேலை செய்ய வரச் சொல்லுங்க. இந்த இடம் ஆஸ்பத்திரி ஆனது இன்னிக்குக் காலைலதான். நான் அப்படித்தான் எழுதப் போறேன்.”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு துளசிராமன் கும்பிட்டார். ஊரும் கும்பிட்டது. நல்லாயிருந்த நால்வர் மட்டும், தங்களிடம் என்ன குறை என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

அதற்கப்புறம் பெருங்கழனிக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வது? ஊரில் பாதி ஆஸ்பத்திரியில். நடவு பாதியில் நின்றது. நர்சிங் மாணவிகள் டியூட்டி முடிந்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழனியில் இறங்கி, கோணல்மாணலாக மிச்ச நாற்றை நட்டார்கள். ஆதிநாராயணன் வாழ்நாளில் முதல்முறையாகச் சோறு பொங்கி, முருங்கைக்கீரை கிண்டி, தூக்கில் கொண்டுவந்தார். “உப்பு இல்லியேய்யா” என்றாள் பூவம்மாள். “ஒம்பொண்ணுதான் போடக் கூடாதுன்னுச்சி,” என்றார் அவர். வார்டில் புது அந்தஸ்துகள் உருவாயின.

“எனக்கு ரத்தம் ஏழு கெராமாம்டி.”

“ஏழா? எனக்கு அஞ்சே முக்கால். ஏழ வெச்சிக்கினா இத்தினி பேச்சு பேசற?”

பூவம்மாளுக்கு நாலரை. அந்த வார்டில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பட்டணத்திலிருந்து ரத்த பாட்டில் வரவழைத்து ஏற்றினார்கள். திருவள்ளூர் டாக்டர் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் தங்கினார். முனுசாமி பார்க்க வந்தபோது குணசுந்தரி வாசலிலேயே மறித்தாள்.

“விசிட்டர் நேரம் நாலு மணி, மாமா.”

“நான் ஒன் தாய்மாமன்டி!”

“தாய்மாமனுக்கும் நாலு மணிதான்.”

முனுசாமி நாலு மணி வரை மழையில் குடை பிடித்து நின்றார். உள்ளே போனதும் தங்கை காதில், “இத்தக் கட்டிக்கினு எம்புள்ள மூச்சு உடறதுக்கு நேரம் கேட்டுக்கினு நிக்கணும்” என்றார். குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. பூவம்மாள் சிரித்ததில் பாட்டில் ஆடியது.

பங்குனியில் உத்தரவு வந்தது. அங்கீகாரம்! ரைஸ் மில் சங்கு ஐந்து நிமிஷம் ஊதியது. களத்தில் பந்தல், சீரியல் பல்பு, இரட்டை நாயனம். துளசிராமன் தலைப்பாகை கட்டிக்கொண்டு, உலகம் பெருங்கழனியைத் திரும்பிப் பார்ப்பதாக முக்கால் மணி நேரம் பேசினார். மருந்து சாப்பிட்டுச் சதை பிடித்திருந்த அப்பாவு, தன் இருமல்தான் அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தது என்று பந்தல் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். கோதைநாயகியின் அப்பா, ஏகாதசி இல்லாத ஒரு நாளில், முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பூவம்மாள் அரக்குப் பட்டில், மூச்சு வாங்காமல் மேடை ஏறி, மகளுக்குத் தன் கையால் மாலை போட்டாள். இறங்கும்போது அண்ணனைப் பார்த்து, “ஒத்துக்கினாங்களா?” என்றாள். முனுசாமி குடையை மடக்கி, “ஒத்துக்கினாங்க” என்றார்.

சாராள் எழுதியபடி, ஆஸ்பத்திரியே ஐப்பசியில்தான் ஆரம்பித்தது என்று கவுன்சில் கணக்கு வைத்ததால், அங்கீகாரம் அடுத்த பேட்சிலிருந்து. குணசுந்தரி ஆடி மாதம் மறுபடியும் முதல் வருஷத்தில் சேர்ந்தாள்.